பழைய ஃபேஷன் திரும்ப வந்தால்: தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா மதுரை புதுமண்டபத்தில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு மெஷின் போட்டு ஆண்களுக்குத் தைத்தவர். நான் வேறு தெருவில் பெண்களுக்குத் தைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டி, “அக்கா, இதே மாதிரி வேணும்” என்பார்கள். அந்தப் படங்களில் பாதி, அப்பா தைத்ததாகவோ அம்மா உடுத்தியதாகவோ இருக்கும். அளவு எடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் பழைய பெல்பாட்டம் பெட்டியில் இருக்கிறது. இப்போது அகலக்கால் பேண்ட்தானே ஃபேஷன், அப்படியே போடலாமா?

போட்டுப் பாருங்கள், தொடையில் மாட்டும். 1970களின் பெல்பாட்டம் தொப்புள் வரை ஏறி, இடுப்பிலும் தொடையிலும் ஒட்டிப் பிடித்து, முட்டிக்குக் கீழேதான் விரியும். இன்றைய அகலக்கால் பேண்ட் இடுப்பிலிருந்தே தளர்ந்து தொங்குவது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வெட்டுமேசையில் விரித்தால் உறவே கிடையாது.

இடுப்பைப் பெரிதாக்க முடியும். அந்தக் கால ஆண்கள் தையற்காரர்கள் பின்பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்கு மேலேயே துணி விட்டு வைப்பார்கள். கல்யாணத்துக்குத் தைக்கும் பேண்ட் என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுவார் அப்பா, மாப்பிள்ளை விருந்து சாப்பிடப் போகிறவராயிற்றே. தொடையில் அப்படி விட்டிருக்க மாட்டார்கள். அங்கே இடிக்கிறது என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் கால் விளிம்பைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே பித்தளை ஜிப்பில் ஒரு பட்டை வைத்துத் தைத்திருக்கலாம். அது அலங்காரமல்ல. பெல்பாட்டம் தரையைக் கூட்டிக்கொண்டே போகும், நாலே மாதத்தில் விளிம்பு நைந்துவிடும். அதற்காக ஜிப்பின் ஒரு பக்கத்தை உள்ளே ஓட்டினார்கள், பல் தரையில் தேயும், துணி பிழைக்கும். இன்றைக்கு யாரும் இப்படிக் கேட்பதில்லை. வருடம் முழுக்க ஒரே பேண்ட்டைப் போடுகிறவர்களும் இப்போது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 70களில் இது புதிதாக முளைத்ததல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பல் மாலுமிகள் கால் விரிந்த பேண்ட் போட்டார்கள். 1960களில் மேற்கத்திய இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், நம் ஊருக்கு அடுத்த பத்தாண்டில் வந்தது. 90களில் பூட்கட் என்ற பெயரில் கொஞ்சம் இளைத்துத் திரும்பியது. இப்போது வந்திருப்பது அதன் இன்னொரு சுற்று.

ஏன் இருபது, முப்பது வருடத்துக்கு ஒருமுறை பழையது திரும்புகிறது?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த ஜேம்ஸ் லேவர் என்ற உடை வரலாற்றாளர் 1937இல் ஒரு கணக்குப் போட்டார். ஓர் உடை அதன் காலத்துக்கு 10 வருடம் முன்னால் வந்தால் ஆபாசம், காலம் முடிந்து ஒரு வருடத்தில் பட்டிக்காடு, 10 வருடத்தில் அருவருப்பு, 20இல் கேலி, 30இல் வேடிக்கை, 50இல் விநோதம், 70இல் கவர்ச்சி, 150 வருடம் ஆனால் அழகு. கைப்பேசி வந்தபின் இந்தக் கணக்கு சுருங்கிவிட்டது. கேலி செய்யவேண்டிய வயதிலேயே பழசுக்கு மவுசு வந்துவிடுகிறது.

கடையில் நான் பார்ப்பது இன்னும் எளிது. கல்லூரிப் பெண்ணுக்கு ஓர் உடை பிடிக்கிறது என்றால், அவள் அம்மா கல்லூரியில் அதைப் போட்டிருப்பாள். அவள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், அதில் வேர்த்ததில்லை, பஸ் ஏறியதில்லை. அம்மாவுக்குத்தான் அந்த உடை குத்தியது ஞாபகம் இருக்கும்.

இதில் எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. போன உடை அதே வேலைக்குத் திரும்புவதில்லை. அன்றாடம் கட்டியது விசேஷத்துக்கு மட்டும் வருகிறது. வயலில் உடுத்தியது அலுவலகத்துக்குப் போகிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயம்தான்.

பஃப் கை ஜாக்கெட் தைக்க எவ்வளவு துணி வேண்டும்? புடவையோடு வரும் பிட் போதாதா?

குட்டைக் கை பஃப் என்றால் 80 செ.மீ. பிட்டில் எப்படியாவது தேற்றலாம். முழங்கை வரை கை, தோளில் பஃப் என்றால் 1 மீட்டர் வேண்டும். பருமனான உடம்புக்கு அதற்கும் மேல். இதை முன்பே கேட்டுவிட்டுப் புடவை வாங்குங்கள். ஓரத்தில் ஜரிகை இருக்கிற பிட்டைக் கொண்டுவந்து, ஜரிகையும் கைக்கு வரவேண்டும், பஃப்பும் வேண்டும் என்றால், முதுகுக்குத் துணிக்கு நான் எங்கே போவேன்?

தைக்கும் விதம் இதுதான். கையின் மேல்வளைவைச் சாதாரணக் கையைவிட ஓர் அங்குலமோ ஒன்றரையோ உயர்த்தி, நடுவில் அகலம் கூட்டி வெட்ட வேண்டும். மேல் ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டி, அடி நூலை மெதுவாக இழுத்தால் சுருக்கு விழும். சுருக்கை எல்லா இடத்திலும் சமமாகப் பரப்பக் கூடாது. தோள் உச்சியில் நெருக்கமாக, அக்குள் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். அக்குளில் சுருக்கு வந்தால் கையைக் கீழே இறக்கவே முடியாது. வாங்கிப்போனவர்கள் மறுநாளே திரும்பி வருவது இந்தக் குறைக்குத்தான், பிற்பாடு பிரித்துத் தைப்பது பெரிய வேலை.

1950களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்க்கும் பஃப் ‘வாயில்’ என்ற மெல்லிய துணியில் தைத்தது. சற்றே தொய்ந்து, மூச்சு விடுவதுபோல இருக்கும். இப்போது கேட்பது நிமிர்ந்து நிற்கிற பஃப். உள்ளே நெட் துணி வைத்தால்தான் நிற்கும். நெட் தோளை அரிக்கும், அதனால் அதற்கும் உள்ளே ஒரு லைனிங். மூன்று அடுக்கு, மதுரை வெயிலில்! கோவிலில் ஒரு மணி நேரக் கல்யாணம் என்றால் சரி. நாள் முழுக்க என்றால் நெட்டை விட்டுவிடச் சொல்வேன்.

இந்தக் கைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1830களில் ஐரோப்பியப் பெண்கள் இதைவிடப் பெரிய கை வைத்தார்கள். அது தொங்காமல் நிற்க உள்ளே இறகு அடைத்த மெத்தையே கட்டினார்களாம். 1890களில் அதே கை மறுபடி வந்தது. 1981 ஜூலையில் டயானாவின் கல்யாண உடையில் இன்னொரு முறை. ஊதுவதும் இளைப்பதுமாகவே அதன் காலம் போகிறது.

‘பாலும் பழமும் கட்டம்’ என்று கடையில் சொல்கிறார்களே, அது என்ன?

1961இல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தில் சரோஜாதேவி கட்டிய கட்டம் போட்ட புடவையின் பெயர். படத்தின் பெயரே கட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. படம் பார்க்காத நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் இன்றைக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

புடவைக்கு மட்டுமா? 80களின் நடுவில் நதியா நடிக்க வந்தபோது நதியா கம்மல், நதியா வளையல் என்று எல்லாம் விற்றது. அவையெல்லாம் பெயரோடு போய்விட்டன. பாலும் பழமும் மட்டும் நின்றதற்குக் காரணம், அது நெசவாளர்கள் கையில் ஒரு கணக்காக உட்கார்ந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் கொட்டடி, முத்துக்கட்டம், மயில்கண், வைரஊசி என்று கட்டத்துக்கும் கோட்டுக்கும் புட்டாவுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஒரு சினிமாவும் சேர்ந்துகொண்டது. பாவில், அதாவது தறியின் நெடுக்கு நூலில், எத்தனை இழைக்கு எத்தனை இழை என்று எழுதி வைத்தால், எப்போது வேண்டுமானாலும் திரும்ப நெய்யலாம். பிளாஸ்டிக் வளையலுக்கு அந்த வசதி இல்லை.

கண்டாங்கிச் சேலை இவ்வளவு விலையா? என் அப்பாயி அதைக் கட்டிக்கொண்டு சாணி தட்டுவாள்.

உண்மைதான். காரைக்குடிப் பக்கம் கண்டாங்கி உழைப்புக்கு ஏற்ற துணி. தடித்த நூல், பெரிய கட்டம், அகலமான கரை. மஞ்சள், செங்கல் சிவப்பு, கருப்பு என்று அழுக்குத் தாங்கும் நிறங்கள். பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டுவார்கள். ஆச்சிமார் வீட்டிலும் இருந்தது, வேலைக்காரர் வீட்டிலும் இருந்தது.

பாலியஸ்டர் வந்து அதை ஓரம் கட்டியது. துவைத்தால் பத்து நிமிடத்தில் காயும், இஸ்திரி வேண்டாம், விலையும் குறைவு. வேலை செய்கிற பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கண்டாங்கியைக் கைவிட்டது ரசனைக் குறைவு என்று இன்று எழுதுகிறவர்கள், அந்தக் கனத்த சேலையைக் கிணற்றடியில் பிழிந்து பார்த்தவர்கள் இல்லை.

இப்போது திரும்பியிருக்கும் கண்டாங்கி இன்னொரு சேலை என்றே சொல்லலாம். நூல் மெல்லிசு. அகலம் கூட்டி, பாதம் மூடும்படி முன்கொசுவத்துக்கு ஏற்றபடி நெய்கிறார்கள். கட்டமும் நிறமும்தான் பழையவை. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வங்கியில் வேலை பார்க்கிறவர்களும் கல்லூரி ஆசிரியைகளும் கேட்டு வாங்குகிறார்கள். கைத்தறி என்றால் ஒரு சேலைக்குத் தறியில் பல நாள் ஓடும், அந்தக் கூலியைக் கணக்குப் போட்டால் விலை நியாயம். விசைத்தறியில் ஓட்டிவிட்டு அதே விலை சொன்னால் மட்டும் சண்டை போடுங்கள்.

சுங்குடி வாங்கினேன். அசலா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது எங்கள் ஊர் சமாச்சாரம், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசல் சுங்குடி சௌராஷ்டிரச் சமூகத்தவர் கைவேலை. துணியை நகத்தால் சிறு கூம்பாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு போட வேண்டும். வீட்டுப் பெண்கள் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வாசலில் உட்கார்ந்து முடிச்சு போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கை தன்போக்கில் போகும், பேச்சு நிற்காது.

கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று அடையாளங்கள். புள்ளிகள் ஒரே அளவாக இருக்காது, ஒன்று கொஞ்சம் நீளும், ஒன்று சப்பையாகும். புள்ளியின் நடுவில் ஒரு பொட்டுச் சாயம் இருக்கும், கூம்பின் நுனி அது. துவைக்காத துணியென்றால் ஒவ்வொரு புள்ளியும் சின்ன மேடாகத் தூக்கி நிற்கும், உள்ளங்கையால் தடவினால் தெரியும். புள்ளிகள் எல்லாம் அச்சடித்ததுபோல வரிசையாக, தட்டையாக இருந்தால், அச்சடித்ததுதான். மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் அச்சிலும் வருவதே இன்று கடைகளில் அதிகம். நன்றாகவே இருக்கிறது, பருத்தி, மெத்தென்று இருக்கும். ஆனால் முடிச்சுக்கான விலை கொடுத்து அதை வாங்காதீர்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சு போடுகிற கைகள் அதற்குப் பிறகும் குறைந்துகொண்டுதான் வருகின்றன.

சாயம் போகுமா என்றும் கேட்பீர்கள். முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். கல்லுப்பில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். ஒழுங்காகச் சாயம் ஏறாத துணிக்கு உப்பு பெரிதாக உதவிப் பார்த்ததில்லை.

பாவாடை தாவணி மறுபடி வந்துவிட்டதே, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் மறுபடி போட்டுப்போவார்களா?

மாட்டார்கள். தாவணி போனதற்குக் காரணம் சுடிதார். சைக்கிள் மிதிக்கலாம், பஸ் ஏறலாம், காற்றடித்தால் பயமில்லை. அந்த வசதியைப் பார்த்த பெண் திரும்பிப் போக மாட்டாள். இப்போது வந்திருப்பது ‘ஹாஃப் சாரி’. ஜரிகைப் பாவாடை, நெட்டில் தாவணி, கேன்கேன் என்ற விறைப்பான நெட் வைத்த அடித்துணி. சடங்கு, பொங்கல், கல்லூரி விழா, அவ்வளவே. என் அம்மா தாவணியில் மாவாட்டினாள். இதில் மாவாட்ட முடியாது, ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்காரவே முடியாது.

மடிசாரும் அப்படித்தான். 9 கெஜம் கட்டத் தெரிந்த பாட்டி பக்கத்தில் இல்லாததால் பேண்ட் மாதிரி ஏறிக்கொள்ளும் தைத்த மடிசார் கேட்டு வருகிறார்கள். தைத்துத் தருகிறேன். இடுப்பில் கொக்கியும் பக்கத்தில் ஜிப்பும் வைப்பேன், சொன்னால்தான் தெரியும்.

அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையை வெட்டி கவுன் தைக்கலாமா?

இதற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள், என் பதில்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

முதலில் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முப்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டில் கத்தி வைத்ததுபோல விட்டிருக்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவே எத்தனை அகலம் நல்ல துணி இருக்கிறது என்று பார்த்துத்தான் பாவாடையா, குர்தாவா, குழந்தைக்குச் சட்டையா என்று முடிவு செய்ய முடியும். அடுத்து, துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து லேசாக இழுங்கள். ‘டர்’ என்ற சத்தம் வந்தால் தையல் தாங்காது. ஊசி போன துளை வழியே கிழிந்துகொண்டு போகும். அப்படிப்பட்ட புடவையிலிருந்து முந்தானையை மட்டும் எடுத்து, பருத்தி லைனிங்கில் ஒட்டவைத்து, துப்பட்டாவாகவோ ஜாக்கெட் முதுகாகவோ செய்யலாம்.

கிழிசலே இல்லாத நல்ல கோர்வைப் புடவையைக் கொண்டுவந்து வெட்டச் சொன்னால், வேறு கடைக்குப் போகச் சொல்வேன். கோர்வை என்றால் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், இரண்டு பக்கமும் தனித்தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறிக்கட்டை) ஓட்டி, இணைத்து நெய்தது. தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டிய வேலை. அதைச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு ரீல்ஸுக்காக வெட்டுவதற்கு என் கத்திரி வராது. கட்டிக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டை மட்டும் புதிதாகத் தைத்தால் போதும், போட் நெக் வைத்தால் ஐம்பது வருடப் புடவையும் நேற்று வாங்கியதுபோல இருக்கும்.

பழைய ஜரிகை நிஜமா என்று வீட்டிலேயே பார்க்கலாமா?

முந்தானை நுனியில் தொங்கும் ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல், பட்டிழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். வெள்ளை நூல் தெரிந்தால் பளபளப்பு மட்டும்தான். ‘பழைய பட்டுப்புடவைக்குப் பணம்’ என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவருக்கு வேண்டியது அந்த வெள்ளி. உங்கள் அம்மாவின் கல்யாணத்தை அவர் உருக்கிவிடுவார். விற்பது உங்கள் இஷ்டம், தெரிந்து விற்றால் சரி.

எங்கள் வீட்டில் பழைய துணி ஒன்றுகூட இல்லையே, எல்லாம் எங்கே போனது?

பரணில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களைப் பாருங்கள். அதுதான் உங்கள் பாட்டியின் நைலக்ஸ் சேலை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திரக்காரர்கள் வருவார்கள். நாலு சேலைக்கு ஒரு தூக்குவாளி, இரண்டு பேண்ட்டுக்கு ஒரு டம்ளர். திண்ணையில் அரை மணி நேரம் பேரம் நடக்கும். அப்பாவின் பெல்பாட்டம்கூட அப்படித்தான் ஒரு குழிக்கரண்டியாகிவிட்டது.

வெளிநாட்டில் பழைய துணிக்கென்றே கடைகள் இருக்கின்றன, அடுத்தவர் போட்டதை வாங்கிப் போடுவது அங்கே சகஜம். இங்கே அக்கா துணி தங்கைக்கு வரலாம், முகம் தெரியாதவர் துணியை வாங்கிக் கட்ட மனம் ஒப்பாது. அதனால்தான் நம் ஊரில் பழைய ஃபேஷன் திரும்பினாலும் பழைய துணி திரும்புவதில்லை. புதிதாக நெய்து, புதிதாகத் தைத்து, பழசு மாதிரி என்று விற்கிறார்கள்.

மெட்ராஸ் செக்ஸ் என்ற கட்டம் போட்ட துணிக்கு ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்கள். அது நம் லுங்கித் துணிதானே?

பங்காளி என்று சொல்லலாம். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் நெய்த கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டைத் துணி நூற்றாண்டுகளாகக் கப்பல் ஏறியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதற்கு ‘இஞ்சிரி’ என்று பெயர் வைத்து, சடங்குகளில் இன்றும் உடுத்துகிறார்கள். நமக்கு லுங்கி, அவர்களுக்குச் சாமி காரியம்.

அமெரிக்காவில் நடந்த கதை வேடிக்கையானது. 1958இல் ஒரு நியூயார்க் இறக்குமதியாளர் இங்கே ஒரு ஏற்றுமதியாளரிடம் பெருமளவில் துணி வாங்கினார். இயற்கைச் சாயம், பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று இங்கிருந்தே சொல்லி அனுப்பினார்களாம். அந்தப் பேச்சு வாங்கியவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் கோட்டாகவும் சட்டையாகவும் விற்ற துணி, துவைத்தால் சாயம் கலங்கிக் கட்டமெல்லாம் ஒன்றோடொன்று குழம்பியது. புகார் குவிந்தது. அப்புறம் விளம்பரக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள்: சாயம் போவதுதான் இதன் அழகு, ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என்று எழுதினார்கள். விற்றது! கல்லூரி மாணவர்கள் சாயம் போகப் போகப் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து இந்தக் கட்டம் அங்கே கோடைக்கால உடையாக நிலைத்துவிட்டது, 80களில் ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று என்று வந்துகொண்டே இருக்கிறது.

நம் பையன்கள் வெளிநாட்டுச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். மெல்லிய பருத்தி லுங்கித் துணியில் 2.25 மீட்டர் வாங்கி வாருங்கள், அரைக்கைச் சட்டை தைத்துத் தரச் சொல்கிறேன். முன்பக்க இரண்டு பாதியிலும் பாக்கெட்டிலும் கட்டம் கோடு பிசகாமல் சேர வேண்டும், அதற்குத் துணி கொஞ்சம் வீணாகும். கட்டம் சேராத மெட்ராஸ் சட்டை, லுங்கியைக் கிழித்துத் தைத்ததுபோலத்தான் இருக்கும்.

வேட்டி திரும்ப வந்தது எப்படி?

பாதி வியாபாரம், பாதி ரோஷம். 2014இல் வேட்டி கட்டி வந்த ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் பேச்சாகி, அதே ஆண்டு சட்டமே வந்தது. வேட்டிக்காக யாரையும் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அதற்குப் பிறகு இளைஞர்களுக்கு வேட்டி ஒரு கொடி மாதிரி ஆனது. இடுப்பில் நிற்காது என்ற பயத்துக்கு வெல்க்ரோ வேட்டி வந்தது. பாக்கெட்டும் வைக்கிறார்கள், கைப்பேசி வைக்க. தாத்தா மடியில் வெற்றிலை வைத்திருந்த இடம்.

எல்லாப் பழைய நகையும் திரும்புகிறதே, பாம்படம் ஏன் வரவில்லை?

காசுமாலை, மாங்காய் மாலை, ஒட்டியாணம், வங்கி, ராக்கொடி எல்லாம் வந்துவிட்டன. தங்கத்தில் முடியாதவர்களுக்கு ஒரு கிராம் தங்கத்தில், கவரிங்கில். நடன மேடைக்கும் கோவிலுக்குமாக நாகர்கோவில் வடசேரியில் செய்துவந்த நகை இன்று எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறது. இவையெல்லாம் கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் கொண்டையிலும் மாட்டிக் கழற்றுவது. மாலை ஆறு மணிக்குக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு ஜீன்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

பாம்படமும் தண்டட்டியும் அப்படியல்ல. குழந்தையிலேயே காது குத்தி, ஓலைச்சுருள் செருகி, அப்புறம் கனமான குணுக்கு மாட்டி, காது தோளைத் தொடும்வரை வளர்க்க வேண்டும். வருடக்கணக்கில் உடம்பே மாற வேண்டிய நகை. ஊர் மாறியபின், பல பெண்கள் அந்த வளர்ந்த காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். என் பெரியம்மா ஒருத்தி காதில் அந்தத் தையல் தழும்பு கடைசிவரை இருந்தது. தழும்புக்கு மேல் சின்னக் கம்மல் போட்டிருப்பாள். இப்போது பாம்படத்தின் கோணங்களைச் சிறிதாக்கி ஜிமிக்கி மாதிரி விற்கிறார்கள், பார்க்க அழகு. பெரியம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

நைலக்ஸ், பூனம் சேலைகளும் திரும்ப வருமா?

வந்துகொண்டிருக்கிறது, 80களின் பெரிய பூக்களோடு. அடுப்படியில் மட்டும் கட்டாதீர்கள், தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

மகள் லோ ஹிப் ஜீன்ஸ் கேட்கிறாள். இது திரும்பவே கூடாத ஃபேஷன் இல்லையா?

2000களின் தொடக்கத்தில் நீங்கள் போட்டதுதானே? ஆல்பத்தைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. இதில் நான் தலையிட மாட்டேன். நீளம் குறைக்க வேண்டுமானால் கொண்டுவாருங்கள்.

இப்போது தைக்கிற ஜாக்கெட்டை என் மகள் இருபது வருடம் கழித்துப் போட வேண்டும். என்ன செய்வது?

தைக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டு, அதில் இரண்டு மூன்று வரி தையல் போட்டுத் தருவேன். ஒவ்வொரு வரியாகப் பிரித்தால் ஜாக்கெட் பெரிதாகிக்கொண்டே போகும். ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் மெஷினில் போடும் தையல்) அடித்துத் துணியை ஒட்ட வெட்டிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். அக்குளில் வேர்வைத் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பட்டு முதலில் விடுவது அங்கேதான்.

போட்டுக் கழற்றியதும் ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஹேங்கர் வேண்டாம், அந்துருண்டையை ஜரிகையில் படும்படி போட வேண்டாம். புடவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள். ஆடியில் கூட்டம் கிடையாது, ஒன்றரை அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய துணியை அப்போது கொண்டுவந்தால் நிதானமாகப் பார்த்துச் செய்வேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தால் ஓவர்லாக்தான்.